போச்சா அக்கா

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவளுடைய மகன் வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஏர்கோன் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். இந்த விஷயத்தோடு சேர்த்துப் பெயரைப் போட்டால் அவர்களுக்கு முகம் சுருங்கும். எனக்குச் சுருங்காது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் ஒரு ஆளைப் பார்த்து இன்னார் இப்படி என்று சொல்ல அந்தப் படிப்பு போதும்.

எங்கள் வீட்டு வரிசையில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் போச்சா அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவோம். அவளும் ‘ஆங்’ என்று திரும்புவாள்.

எங்கள் குடியிருப்பு ஈப்போவுக்கு அருகே செமோர் பக்கம், சுண்ணாம்பு மலைக்கு அடியில் இருக்கிறது. முன்பு அங்கே ரப்பர்ப் பால் மரங்கள் நின்றன. அந்த மரங்களைச் சீவியவர்கள்தான் நானும் அக்காவும். தோட்டம் கைமாறி, மரம் எல்லாம் சாய்ந்து, ஒட்டு வீடுகள் எழும்பியபோது அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு விழுந்தது. நடுவில் ஒரே சுவர். பின்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி வேலி.

வெயில் மலையைத் தாண்டுவதற்குள் அவள் அந்த வேலிக்கு வந்துவிடுவாள். கையில் வெந்நீர்க் கோப்பை இருக்கும். அதில் சீரகம் மிதக்கும். ஒரு மடக்கு குடிப்பாள், என்னைப் பார்ப்பாள்.

“என்ன தங்கச்சி, போச்சா?”

“போச்சுக்கா.”

“நல்லா போச்சா, பேருக்குப் போச்சா?”

“நல்லாத்தான் லா.”

“முக்குனியா?”

“காலங்காத்தால என்னாக்கா இது!”

“காலங்காத்தால கேக்காம ராத்திரியா கேப்பாங்க?”

காலைக்கடன் முடிந்ததா என்பதுதான் அந்தக் கேள்வி. அதுதான் அவள் வணக்கம், அதுதான் அவள் நலம் விசாரிப்பு. தபால்காரனிடம் கேட்பாள். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிற மலாய்க்காரப் பையனிடம் அவன் பாஷையில் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிற சாமியாரைக்கூட அவள் விடவில்லை. அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘இல்லைம்மா’ என்று மெல்லச் சொன்னாராம். மறு வாரம் அவருக்காக வீட்டுப் பப்பாளி ஒன்று பைபிளோடு ஒரே பையில் போனது.

“சாப்டியான்னு ஊரே கேக்கும்,” என்பாள். “அது போச்சான்னு யாரு கேப்பா? உள்ள போறதுக்கு அத்தனை மரியாதை. வெளிய போறதுக்கு ஒரு நாதி இல்ல.”

சிரிப்பதற்காக அவள் இதைச் சொல்லவில்லை. அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

தோட்டத்தில் விடியும் முன்னாலேயே பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆள் வந்திருக்கிறதா என்று கங்காணி பெயர் கூப்பிட்டுக் கணக்கு எடுப்பதுதான் பெரட்டு. இருட்டில் எழுந்து, சோறு ஆக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்ணுக்குக் கக்கூசில் உட்கார நேரம் ஏது? பெரட்டு முடிந்து காட்டுக்குள் போனால் அடுத்த மர வரிசையில் ஆம்பளை நிற்பான். கீழே அட்டை நெளியும். அடக்கிக்கொள்வோம். வீட்டுக்கு வருகிறபோது வயிறு கேட்பதை விட்டுவிட்டிருக்கும். இப்படி அடக்கி அடக்கியே அக்காவின் அம்மா மூலத்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சோறு தின்றவள். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அக்கா வாளியை வைத்துவிட்டு நடந்தாள்.

“ஏய், எங்க போற?” என்றான் கங்காணி.

“வயிறு கூப்பிடுது.”

“பெரட்டு முடியட்டும், அப்புறம் போ.”

“பெரட்டுக்கு நீ கூப்பிடுற. இதுக்கு ஆண்டவரு கூப்பிடுறாரு. யாரு பெரியவருன்னு நீயே சொல்லு கங்காணி, நின்னுக்கிறேன்.”

அவன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அவள் போய்விட்டு, கை கழுவிவிட்டு, அவசரமே இல்லாமல் வந்து வரிசையில் நின்றாள். அதற்குப் பிறகு வேறு சிலரும் வாளியைக் கீழே வைக்கத் தொடங்கினோம். நான் முதல் ஆள் இல்லை. ஆனால் கடைசி ஆளும் இல்லை.

அவள் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டது எதுவும் கடையில் வாங்குவது இல்லை. எழுந்ததும் வெந்நீர். பழைய சோற்றில் மோரும் சின்ன வெங்காயமும். உப்புசம் என்றால் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுப்பாள். மந்தம் என்றால் சுக்கு. கீரை ஏதாவது தினமும். ராத்திரிச் சோற்றை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சாப்பிடும்போது பேசினால் அதட்டுவாள், ‘பல்லு வாயிலதான் இருக்கு, குடல்ல இல்ல’ என்று. வெறும் வயிற்றில் ஐஸ் கோப்பி குடிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

அவள் மகன் தெலுக் இந்தானில் வேலை பார்த்தான். ஒரு தடவை லீவில் வந்து, ‘அம்மாவுக்கு வயசாச்சு’ என்று கக்கூசை உடைத்து நாற்காலி மாதிரி உட்காருகிற பீங்கானை வைக்க ஆள் கூட்டி வந்தான். அக்கா வாசலில் காலை அகட்டி நின்றுகொண்டாள்.

“முழங்கால் வலிக்குதுன்னு சொன்னீங்களேம்மா.”

“முழங்காலு வலிச்சா தைலம் போட்டுக்கிறேன். குந்தி உக்காந்தாதான்டா குடலு வழி விடும். நாற்காலில உக்காந்தா பேப்பர்தான் படிக்கலாம்.”

அந்தப் பீங்கான் பின்வாசலில் வெகு காலம் கிடந்தது. பிறகு அவள் அதில் மண் போட்டுப் புதினா வளர்த்தாள். நன்றாகவே வளர்ந்தது. நான் மட்டும் அந்தப் புதினாவை வாங்குவதில்லை.

என் மகளைப் பெண் பார்க்கச் சிம்பாங் பூலாயிலிருந்து வந்தார்கள். பலகாரம் எடுத்து வைக்க அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். முதல் நாளே கையைப் பிடித்துச் சொன்னேன், ‘அக்கா, நாளைக்கு மட்டும் அதைக் கேக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்.’ தலையை ஆட்டினாள்.

மாப்பிள்ளைப் பையன் கேசரியைத் தொடவில்லை. வடையைத் தொடவில்லை. நெற்றியில் வேர்வை. பையனுக்குப் பெண் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. பையனின் அம்மா, ‘அவன் இப்படித்தாங்க, கூச்சப்படுவான்’ என்கிறாள். அக்கா காப்பித் தட்டோடு அவன் முன்னால் போய்க் குனிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தம்பி, போச்சா?”

பையனின் அம்மா, “என்னாது?” என்றாள்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, “சில நாளா இல்லைங்க,” என்றான்.

“அதான பாத்தேன். பொண்ணு பாக்கப் போறோம்னு பயமா?”

“ஆமாங்க.”

“பயந்தா குடலு பூட்டிக்கும் லா. எழுந்திரு, வா.”

பின்பக்கம் கூட்டிப்போய் வெந்நீர் கொடுத்து, மரத்துப் பப்பாளியை வெட்டிக் கொடுத்து, வேலியோரம் நடக்கவிட்டு, என் மகளைப் பற்றி என்னென்னமோ பேசிச் சிரிக்க வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பையன் அவள் வீட்டுக்குள் ஓடினான். திரும்பி வந்தபோது வேறு முகம். ஆறு வடை தின்றான். கல்யாணம் நடந்தது. பையனின் அம்மா மட்டும் வெகு நாள் அக்காவோடு பேசவில்லை. மருமகன் அந்தக் கதையை இன்றைக்கும் எல்லா விசேஷத்திலும் சொல்கிறான்.

எல்லா நேரமும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை எங்கள் வரிசை மொத்தமும் பஸ் வைத்துக்கொண்டு பினாங்குக்கு ஊர் சுற்றக் கிளம்பினோம். ‘பயணத்துல எல்லாருக்கும் கட்டிக்கும்’ என்று முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாகப் பப்பாளியும், ஊற வைத்த திராட்சையும், கனிந்த வாழைப்பழமும் கொடுத்துப் பக்கத்தில் நின்று தின்ன வைத்தாள். கட்டவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு ஓய்விடம் பாக்கி இல்லாமல் பஸ் நின்றது. ‘இது சுற்றுலாவா, கக்கூஸ் டூரா?’ என்று டிரைவர் கத்தினான். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “வெளிய போறதுதானே லா, உள்ள இருந்தாத்தான் கஷ்டம்,” என்றாள். அப்போதும் அவளுக்குத் தோல்வி என்று ஒன்று தெரியவில்லை.

பிறகு குடலைச் சுத்தம் செய்கிற தூள் என்று ஒன்று எங்கள் பக்கம் வந்தது. அதை விற்கிற பெண் நல்ல சேலை கட்டிக்கொண்டு, என் வீட்டு வாசலில் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, கைப்பேசியில் குடலின் படத்தைக் காட்டினாள். வருஷக்கணக்கான அழுக்கு உள்ளே ஒட்டியிருக்கிறதாம். ராத்திரி தூளைக் கரைத்துக் குடித்தால் காலையில் எல்லாம் வந்துவிடுமாம். நாங்கள் பயந்துதான் போனோம். அக்கா கடைசியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நீயும் இதைக் குடிக்கிறியா?”

“தினமும் குடிக்கிறேன் ஆன்ட்டி.”

“குடிக்காத அன்னிக்குப் போச்சா?”

அந்தப் பெண் சிரித்துப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. “இல்லை ஆன்ட்டி,” என்றாள் அவள், குரல் இறங்கி. “இப்பல்லாம் குடிச்சாத்தான்.”

“பாட்டரி செத்த கார் பாத்திருக்கியா? நாலு பேரு தள்ளுனா ஓடும். தினமும் தள்ளிக்கிட்டே இருந்தா அது காரா? தள்ளாத கண்ணு. வழி விடு. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்து. நிறுத்த முடியலைன்னா கிளினிக்ல கேளு, கூச்சப்படாத.”

அந்தப் பெண் பிறகு வேறு ஊருக்குத் தூள் விற்கப் போனாளா, விட்டாளா, எனக்குத் தெரியாது. எங்கள் வரிசையில் யாரும் வாங்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது என் வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குகிறது.

அவர் லாரி ஓட்டியவர். பெரிய மீசை, பெரிய குரல். ஒரு காலை கக்கூசிலிருந்து சத்தம் இல்லாமல் வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு, பெட்டிச் சாவியை என் கையில் வைத்து, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். என்ன ஏது என்றால் சொல்லவில்லை. எனக்குப் பயம் வந்து வேலியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு நேரே கட்டில் ஓரம் வந்து நின்றாள்.

“அண்ணே, போச்சா?”

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். “போச்சு.” கொஞ்சம் பொறுத்து, “ரத்தமாப் போச்சு,” என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்காரவில்லை.

“நேத்து என்ன தின்னீங்க?”

“சோறுதான்.”

“சோத்துக்கு மேல?”

“கூட்டாளி தோட்டத்துல இருந்து டிராகன் பழம் வந்துச்சு. ஒரு பை.”

“உள்ள வெள்ளையா, சிவப்பா?”

“சிவப்பு.”

“ஒரு பையும் நீங்களேவா?”

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அக்கா சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த பல்லி ஓடிவிட்டது. சிவப்பு டிராகன் பழம் தின்றால் மறுநாள் எல்லாம் சிவப்பாகத்தான் போகும், தெரியாதவனுக்கு உயிரே போய்விடும் என்றாள். ஆனால் சிரிப்பை முடித்துவிட்டு, விரலை நீட்டி அவரிடம் சொன்னதை நான் மறக்கவில்லை.

“பழமா ரத்தமான்னு நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ரெண்டு மூணு நாள் பழத்தை நிறுத்துங்க. சிவப்பு நின்னா அது பழம். நிக்கலைன்னா, இல்ல, தார் மாதிரி கருப்பாப் போனா, சீரகத் தண்ணி கேட்டு எங்கிட்ட வராதீங்க. அது என் கையில இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அவருக்கு நின்றது. பெட்டிச் சாவி திரும்ப அவர் இடுப்புக்கே போனது.

இதற்குப் பிறகு சில வருஷம் ஓடியது. ஒரு நாள் காலை நான் வேலியோரம் துணி காய வைக்கிறேன். அக்கா கோப்பையோடு வந்தாள். வெந்நீர் குடித்தாள். என்னைப் பார்த்தாள்.

“சாப்டியா தங்கச்சி?” என்றாள்.

கையில் இருந்த சட்டை கீழே விழுந்துவிட்டது. ஊரே கேட்கிற கேள்வி அது. அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை.

“சாப்டேன்க்கா,” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் கவனித்தேன். ரவிக்கை தோளில் தொளதொளத்தது. புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தவள் நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. தபால்காரனிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. அவனே, ‘அக்கா, போச்சு!’ என்று தானாகச் சொல்லிப் பார்த்தான். ‘நல்லது தம்பி’ என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

குப்பை லாரி வருகிற நாள் அவரவர் பையை வாசலில் வைப்போம். அவள் பையை ஒரு நாய் கிழித்திருந்தது. கூட்டித் தள்ளலாம் என்று விளக்குமாறோடு போனேன். பை நிறையத் தோல். செதில் செதிலாக, இளஞ்சிவப்பாக, டிராகன் பழத்தோல். அடுத்த குப்பை நாளும் பார்த்தேன். அதே தோல். அதற்கு அடுத்த தடவை விளக்குமாறோடு போனபோதும் அப்படியே.

பப்பாளியும் கொய்யாவும் வீட்டு மரத்தில் தொங்கும்போது அவள் காசு கொடுத்துக் கடைப்பழம் வாங்குகிறவள் இல்லை. எந்தப் பழமானாலும் தினமும் ஒன்றையே தின்னாதே என்று எங்களைத் திட்டுகிறவள் வேறு. நான் விளக்குமாற்றை அங்கேயே சாய்த்துவிட்டு அவள் வீட்டுக்குள் போனேன்.

அடுப்படியில் உட்கார்ந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சிவப்பு. நான் எதிரில் உட்கார்ந்து அவள் கேள்வியை அவளிடமே கேட்டேன். அத்தனை வருஷத்தில் எங்கள் வரிசையில் யாருமே அவளிடம் அதைக் கேட்டதில்லை.

“அக்கா, போச்சா?”

கத்தி நின்றது.

“போகுது, போகுது.”

“என்ன நிறம்?”

“சிவப்பாத்தான் போகும். பாக்கலையா, என்ன திங்கிறேன்னு?”

“பழத்தால சிவப்பா, சிவப்புக்காகப் பழமா?”

அவள் என்னை முறைத்தாள். அந்த முறைப்பில் கங்காணியே பின்வாங்கியிருக்கிறான். நான் பின்வாங்கவில்லை.

“என் வீட்டுக்காரருக்கு என்ன சொன்ன? ரெண்டு மூணு நாள் நிறுத்துன்னு சொன்ன. நீ ஏன்க்கா நிறுத்தல?”

அவள் பழத்தின் கருப்பு விதை ஒன்றைக் கட்டை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

“நிறுத்துனா தெரிஞ்சிரும்டி,” என்றாள்.

அவள் முன்னால் அழுகிற நேரம் இல்லை அது.

“எப்ப இருந்து?”

“தவக்காலம் தொடங்குறப்ப சாமியாரு நெத்தியில சாம்பல் பூசுனாரே, அதுக்கு முன்னால. மோர் குடிச்சேன். மாதுளந்தோலு குடிச்சேன். மாங்கொட்டைப் பருப்பு குடிச்சேன். நிக்கல. அப்பத்தான் பாசார்ல இந்தப் பழத்தைப் பாத்தேன். இதைத் தின்னா சிவப்பு எதுன்னு எனக்கே தெரியாது பாரு.”

“மத்தவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லத் தெரியுது.”

“மத்தவங்க போலாம். நான் போனா என்ன சொல்வாங்க? ஊரு வயித்துக்கெல்லாம் வைத்தியம் சொன்னவ, தன் வயித்தைக் கோட்டை விட்டுட்டான்னு சிரிக்க மாட்டாங்க? நான் கொடுத்த சீரகத் தண்ணிகூடப் பொய்யுன்னு ஆயிரும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். சீரகத் தண்ணி சீரகத் தண்ணி வேலையத்தான் செய்யும். இது வேற. என் கையில இல்லன்னு நீதானே சொன்ன. உன் வாயால சொன்னது உனக்கு மட்டும் பொய்யா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கூடையில் மீதி இருந்த பழங்களை என் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துட்டுப் போ,” என்றாள். “கண்ணுல படாம வை.”

நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாட்களில் வேலிக்கு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சுவரில் காதை வைத்துப் பார்ப்பேன். அவள் ஜெபம் சொல்கிற முணுமுணுப்பு கேட்கும். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். அக்காதான். பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, கைப்பையைத் தோளில் போட்டு, தலையைப் படிய வாரி நின்றாள்.

“நிக்கல,” என்றாள். “அண்ணனைக் காரை எடுக்கச் சொல்லு.”

கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் ஒரு கட்டி. தெலுக் இந்தானிலிருந்து மகன் ஓடி வந்தான். ‘எங்கிட்ட ஏம்மா சொல்லல, தினமும் போன் பண்ணிச் சாப்டீங்களான்னு கேட்டேனே’ என்று அழுதான். அக்கா அவன் தலையைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் பிடித்து, குடல் திரும்ப வேலையை ஆரம்பித்தால்தான் மற்றது எல்லாம் என்று மகனிடம் சொன்னார்களாம்.

மறுநாள் பார்வை நேரத்தில் நான் அவள் கட்டிலோரம் நின்றேன். மூக்கில் குழாய். வயிற்றில் பெரிய கட்டு. முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது. கண்ணை மூடிக் கிடந்தாள். அப்போது இளவயது மலாய் டாக்டர் ஒருவர், தாதியைக் கூட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். காதில் மாட்டுகிற குழாயை அக்காவின் வயிற்றில் வைத்துச் சத்தம் கேட்டார். பிறகு குனிந்து, ரொம்ப மரியாதையாக, அவள் காதருகே கேட்டார்.

“ஆன்ட்டி, சுடா கெந்துட்?”

காற்று பிரிந்ததா என்று கேட்கிறார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். அந்த டாக்டரை, மாதா கெபியில் வைத்த சுரூபத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“பெலும் லா, டாக்டர்,” என்றாள். இன்னும் இல்லை என்று.

“அது வந்தால்தான் ஆன்ட்டிக்குச் சாப்பாடு. வந்ததும் உடனே தாதியிடம் சொல்லுங்கள்,” என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு சீனக் கிழவி. அவளிடமும் அதையேதான் கேட்டார். அதற்கடுத்த கட்டிலிலும் அதையேதான்.

அக்கா என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “பாத்தியா? வரிசையாக் கேக்குறாரு. ஒருத்திகூடச் சிரிக்கல பாரு.” சிரிக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காதடி, தையலு போயிரும்.”

நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவளாகத்தான் சிரித்தாள்.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வயிறு உப்பிக்கொண்டு போகிறது, திரும்ப வெட்ட வேண்டி வந்தாலும் வரலாம் என்று மகன் போனில் சொன்னான். எங்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. தபால்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ‘அக்காவுக்குப் போச்சா?’ என்று கேட்டுவிட்டுப் போவான். சாமியார் ஆளனுப்பிக் கேட்டார். சிம்பாங் பூலாய்ச் சம்பந்தி அம்மாள், அத்தனை காலம் முகம் கொடுக்காதவள், எனக்குப் போன் போட்டு, ‘அவங்களுக்குப் போச்சாங்க?’ என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

அதற்குப் பிறகு அக்கா வெகு காலம் இருந்தாள். கடைசியில் மகன் வீட்டோடு போய், வயதான பிறகு ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள், இந்த நோவால் இல்லை. அங்கே நாற்காலிக் கக்கூசுதான். காலுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு முழங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். தோற்றேன் என்று அப்போதும் சொல்லவில்லை. செமோர்ப் பக்கம் அவளுக்குத் தெரிந்தவர்கள் இன்னும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்கிறார்கள், காலையில் சீரக வெந்நீரும் குடிக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போடவில்லை.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் வருவது, அவள் வயிறு உப்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் விடிந்த அந்த ஒரு காலைதான். நான் பாசாரில் மீன்காரன் முன்னால் நிற்கிறேன். ஒரு கையில் கெம்போங் மீன். கூட்டமான நேரம். கைப்பேசி அடிக்கிறது. அவள் எண். பேசுவது யாரோ, என்ன செய்தியோ என்று மீனை விடாமலே எடுத்தேன்.

“தங்கச்சி.” அவள் குரல்தான். மெலிந்து கிடந்தது.

மீன்காரன் இருந்தான், முன்னும் பின்னும் ஜனம் இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை.

“அக்கா, போச்சா?” என்று கத்தினேன்.

“போச்சுடி,” என்றாள். “இப்பத்தான். வார்டே கேட்டுச்சு. தாதி கை தட்டுனா.”

நான் மீனைக் கீழே வைத்தேன். கண் நிறைந்துவிட்டது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, வேலியில் நிற்கிற மாதிரியே கேட்டாள்.

“உனக்கு?”